கறுப்பர் யார், வெள்ளையர் யார்? அமெரிக்க இலக்கியத்தில் இனம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்க இலக்கியத்தைப் பற்றித் தமிழில் பேசும்போது இனம் என்ற விஷயம் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. "கறுப்பின மக்களின் வலியைச் சொல்லும் நாவல்", "நிறவெறிக்கு எதிரான குரல்". பின்னட்டையிலும் இதுதான், முகநூல் குறிப்பிலும் இதுதான். தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இதோடு நின்றுவிட்டால் அந்தப் புத்தகங்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பது கண்ணில் படாமலே போய்விடும். கறுப்பர் என்று ஒரு கூட்டம், வெள்ளையர் என்று ஒரு கூட்டம் இயற்கையாகவே இருந்தன, ஒன்று மற்றதைக் கொடுமைப்படுத்தியது, அதைச் சிலர் எழுதினார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே எழுதியவர்களில் சிறந்தவர்கள் இதற்கும் ஒரு படி முன்னால் போய்க் கேட்டார்கள். ஒருவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று யார் தீர்மானித்தது? எதை வைத்து? அந்தத் தீர்மானம் ஒரு குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குள், ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது?

அந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே போவோம். முன்கூட்டியே எதையும் படித்திருக்க வேண்டியதில்லை.

ரோக்ஸியின் பதினாறில் ஒரு பங்கு

மார்க் ட்வெய்ன் 1894-ல் வெளியிட்ட 'புட்டன்ஹெட் வில்சன்' நாவலில் ரோக்ஸி என்று ஒரு பெண் வருகிறாள். கதை தொடங்குவது 1830-ல், மிசிசிப்பி ஆற்றங்கரையில், மிசௌரி மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில். ரோக்ஸி அடிமை. பார்த்தால் வெள்ளைக்காரி. அவளுடைய வம்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் கறுப்பு. அந்த ஒரு பங்கு மற்ற பதினைந்து பங்கையும் ஓட்டெடுப்பில் தோற்கடித்து அவளை நீக்ரோ ஆக்கிவிட்டது என்கிறார் ட்வெய்ன். (அன்றைய புழக்கத்துச் சொல் அது. இன்று யாரும் பயன்படுத்துவதில்லை.) அவள் மகனுக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு. சட்டமும் வழக்கமும் சேர்ந்து கட்டிய ஒரு கற்பனையால் அவனும் நீக்ரோ, அவனும் அடிமை.

ரோக்ஸிக்குப் பிள்ளை பிறந்த அதே நாளில் எஜமானுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. எஜமானி ஒரு வாரத்துக்குள் இறந்துபோக, இரண்டு குழந்தைகளையும் ரோக்ஸிதான் வளர்க்கிறாள். இரண்டும் ஒரே ஜாடை. பெற்ற தகப்பனுக்கே எது தன் பிள்ளை என்று உடையைப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றுக்கு மெல்லிய மஸ்லின் சட்டை, கழுத்தில் பவள மாலை. இன்னொன்றுக்கு முழங்கால் வரை தொங்கும் ஒரு முரட்டுத் துணி, நகை எதுவும் கிடையாது. ஒருநாள் வீட்டில் கொஞ்சம் பணம் காணாமல் போகிறது. திருடியவரைச் சொல்லாவிட்டால் தெற்கே ஆற்றின் கீழ்ப்பக்கத்துத் தோட்டங்களுக்கு விற்றுவிடுவேன் என்று எஜமான் மிரட்டுகிறான். அடிமைகளுக்கு அது நரகத்துக்கு அனுப்புவதற்குச் சமம். தன் பிள்ளைக்கும் ஒருநாள் இந்தக் கதி வரும் என்று நடுங்கிப்போகும் ரோக்ஸி, இரண்டு குழந்தைகளின் சட்டையையும் மாற்றிப் போட்டுவிடுகிறாள். அவ்வளவுதான். அடிமைப் பிள்ளை எஜமானாக வளர்கிறது, எஜமானின் பிள்ளை அடிமையாக வளர்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, விரல்ரேகை மூலம் உண்மை வெளிவருகிறது. அசல் வாரிசுக்குச் சொத்தும் சுதந்திரமும் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சும் நடையும் சிரிப்பும் அடிமைக் குடியிருப்பில் வளர்ந்தவனுடையவை. வெள்ளையரின் வரவேற்பறை அவனுக்குப் பயம், சமையலறையில்தான் நிம்மதி. தேவாலயத்தில் குடும்பத்துக்கு என்று உள்ள இருக்கையில் உட்காருவது அவஸ்தை, கறுப்பர்கள் உட்காரும் மாடத்துக்கும் இனி போக முடியாது. அவன் உடம்பில் 'கறுப்பு ரத்தம்' ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இனம் என்றால் தோல் நிறம் என்று நினைத்திருந்தால் ரோக்ஸி அதை உடைத்துவிடுகிறாள். தோலில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது என்று நினைத்தால் சட்டை மாறிய அந்தப் பிள்ளை அதையும் உடைத்துவிடுகிறான். அப்படியானால் இனம் எங்கே இருக்கிறது?

சர்வேயர் நட்ட கல்

ஒரு கிராமத்து நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கே செம்மண், கிழக்கே கரிசல். செம்மண் எந்த இடத்தில் முடிந்து கரிசல் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, மெல்ல மெல்ல நிறம் மாறும். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து ஒரு கல்லை நடுகிறார். கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண்தான். ஆனால் கல் நட்ட நாளிலிருந்து பட்டா யார் பேரில், தீர்வை எவ்வளவு, கிணற்றில் யாருக்குப் பங்கு என்பதெல்லாம் கல்லைப் பார்த்துத்தான். இரண்டு தலைமுறை போனால் அந்தக் கல்லுக்காகவே இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கும். மனிதன் நட்டது என்பதால் கல் பொய்யாகிவிடாது. அதனால் வருகிற லாபமும் நஷ்டமும் முழு நிஜம்.

அமெரிக்காவில் இனம் என்பது இப்படி நடப்பட்ட கல். மனிதர்களின் நிறமும் முக அமைப்பும் உலகெங்கும் படிப்படியாகத்தான் மாறுகின்றன. மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972-ல் கணக்கிட்டுக் காட்டினார். தொடர்ச்சியாக மாறும் ஒன்றின் நடுவே கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் உரிமை, அந்தப் பக்கம் அடிமைத்தனம் என்று வைத்தது மனிதர்கள். இப்படி மனிதர்கள் சேர்ந்து உண்டாக்கி, சட்டத்தாலும் பழக்கத்தாலும் நிலைநிறுத்துகிற ஒன்றைச் சமூகக் கட்டமைப்பு என்று சொல்வார்கள். 'வெறும் கற்பனை' என்று இதற்குப் பொருள் கொள்வதுதான் மிகப் பரவலான பிழை. ரோக்ஸியின் பயத்தில் கற்பனை எதுவும் இல்லை.

இன அடையாளம் என்பது இதற்கு அடுத்த படி. நீ கல்லுக்கு எந்தப் பக்கம் என்று ஊர் சொல்வது ஒன்று, நான் யார் என்று ஒருவர் தனக்குள் சொல்லிக்கொள்வது இன்னொன்று. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க நாவலின் பெரும் பகுதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கல் நடப்பட்ட கதை

கொஞ்சம் சட்டம் பார்க்காமல் இந்த இலக்கியம் புரியாது. 1619-ல் வர்ஜீனியாக் கரைக்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஆங்கிலேய வழக்கப்படி குழந்தையின் அந்தஸ்து தகப்பனைப் பொறுத்தது. 1662-ல் வர்ஜீனியா அதைத் தலைகீழாக்கியது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அடிமைப் பெண்ணை வன்கொடுமை செய்யும் எஜமானுக்குப் பிறக்கிற குழந்தை அவனுக்கு வாரிசாகாமல் சொத்தாகிவிடும். தலைமுறை தலைமுறையாக இது நடந்ததால்தான் ரோக்ஸி மாதிரி பார்க்க வெள்ளையாகவும் சட்டத்தில் அடிமையாகவும் மனிதர்கள் இருந்தார்கள்.

அப்புறம் பின்னக் கணக்கு வந்தது. வர்ஜீனியாவில் 1785-ம் ஆண்டுச் சட்டப்படி நாலில் ஒரு பங்கு கறுப்பு வம்சம் இருந்தால்தான் ஒருவர் கறுப்பர் பட்டியலில் வருவார். 1910-ல் அது பதினாறில் ஒன்றாகச் சுருங்கியது. 1924-ல் ஒரு தடயம் இருந்தாலே போதும் என்றாகிவிட்டது. வம்சத்தில் ஒரே ஒரு ஆப்பிரிக்க முன்னோர் இருந்தாலும் ஒருவர் கறுப்பர்தான் என்ற இந்த முறைக்கு ஒரு சொட்டு விதி என்று பெயர். 1909-ல் வெள்ளையராக இருந்த ஒருவர், உடம்பில் எதுவும் மாறாமல், ஊரைவிட்டு நகராமல், 1924-ல் கறுப்பராகிவிட்டிருக்க முடியும்.

அமெரிக்கப் பழங்குடிகள் விஷயத்தில் இதே ரத்தக் கணக்கு நேர் எதிராக ஓடியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கறுப்பராவதற்கு ஒரு சொட்டுப் போதும். பழங்குடி என்று அங்கீகாரம் பெறப் பாதி ரத்தம், கால் ரத்தம் என்று காட்ட வேண்டியிருந்தது. 1934-ம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பாதி என்று ஓர் அளவு வைத்தது. ஒரு பக்கம் விதியைத் தளர்த்தினால் உரிமை மறுக்கப்படுகிறவர்களின் எண்ணிக்கை கூடும், இன்னொரு பக்கம் விதியை இறுக்கினால் நிலத்துக்கு உரிமை கேட்பவர்களின் எண்ணிக்கை குறையும். கணக்கு யாருக்குச் சாதகமாகப் போடப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தியர்களும் இந்தக் கல்லில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை 1790-ம் ஆண்டுச் சட்டப்படி 'சுதந்திரமான வெள்ளையர்' என்பவர்களுக்குத்தான் வழங்கப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சத்தவரும் சேர்க்கப்பட்டார்கள். 1922-ல் ஜப்பானியரான தகாவோ ஒசாவா குடியுரிமை கேட்டபோது, நீங்கள் காக்கேசிய இனமல்ல (ஐரோப்பியரையும் அவர்களை ஒத்தவர்களையும் அன்றைய அறிவியல் ஒன்றாகச் சேர்த்த பிரிவு அது), ஆகவே வெள்ளையரல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில மாதங்களில், 1923-ல், பஞ்சாபில் பிறந்து முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த பகத் சிங் திந்த் வந்தார். அந்தக் காலத்து அறிவியல் வட இந்தியரைக் காக்கேசியர் என்றுதான் வகைப்படுத்தியிருந்தது. அப்போது அதே நீதிமன்றம் பேச்சை மாற்றியது: அறிவியல் என்ன சொன்னாலும் சரி, சாதாரண மனிதரின் பார்வையில் நீங்கள் வெள்ளையரல்ல. 1930-ம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்து' என்பது ஓர் இனப் பிரிவாகவே இருந்தது. சீக்கியர்களும் முஸ்லிம்களும்கூட அந்தக் கட்டத்தில்தான் விழுந்தார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: இனத்தை உண்டாக்கியது சட்டமும் வழக்கமும். விதி இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறியது. யாருக்கு என்ன லாபம் என்பதைப் பொறுத்துத்தான் அது மாறியது.

வகுப்பறையில் ஒரு நிமிடம்

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அது ஒரு குழந்தையின் மனதுக்குள் எப்படி இறங்குகிறது? கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1912-ல் தன் பெயர் போடாமல் ஒரு நாவலை வெளியிட்டார். முன்னாள் கறுப்பர் ஒருவரின் தன்வரலாறு என்பதாகத் தலைப்பு. உண்மையான தன்வரலாறு என்றே பலர் நம்பினார்கள். 1927-ல்தான் அவர் பெயரோடு மறுபதிப்பு வந்தது.

கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் நடக்கிற காட்சி இது. தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வருகிறார். ஏதோ காரணத்துக்காக, வெள்ளை மாணவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள் என்கிறார். கதைசொல்லியான சிறுவனும் மற்றவர்களோடு எழுந்து நிற்கிறான். ஆசிரியை அவன் பெயரைச் சொல்லி, நீ இப்போது உட்கார், மற்றவர்களோடு எழுந்துகொள் என்கிறார். அவனுக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்கிறான். அவர் இன்னும் மெதுவான குரலில் அதையே சொல்கிறார். அவன் உட்காருகிறான். அதன் பிறகு எதுவும் காதில் விழவில்லை. மற்றவர்களை எழச் சொன்னதுகூட அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி, தன் அறையில் கண்ணாடி முன்னால் போய் நிற்கிறான். தந்தம்போன்ற வெண்மையை, கண்களின் கருமையை, தலைமுடியை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். காலையில் இருந்த அதே முகம்தான். அப்புறம் அம்மாவிடம் போய்க் கேட்கிறான், நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனா என்று.

இந்த நாவலில் நான் அதிகம் மதிப்பது, இந்தக் காட்சியில் யாரும் கெட்டவர் இல்லை என்பது. ஆசிரியை கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒரு சின்ன வகுப்பறை நடைமுறையே போதுமாக இருக்கிறது.

இன்னொரு கறுப்பின எழுத்தாளரான ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1928-ல் எழுதிய ஒரு கட்டுரையில் தான் 'கறுப்பியான நாள்' எதுவென்று தனக்கு நினைவிருப்பதாகச் சொல்கிறார். ஃபுளோரிடாவில் ஈட்டன்வில் என்ற ஊரில் வளர்ந்தவர் அவர். அது கறுப்பர்கள் மட்டுமே வாழ்ந்து, அவர்களே நிர்வகித்த ஊர். அங்கே இருந்தவரை அவர் ஸோரா. பதின்மூன்று வயதில் படிக்க ஜாக்சன்வில் அனுப்பப்பட்டபோது, படகிலிருந்து இறங்கிய இடத்தில் அவர் ஒரு கறுப்புச் சிறுமி, அவ்வளவுதான். பிறப்பிலேயே கூட வருவதாக நாம் நினைக்கும் ஒன்று, அவருக்கு ஒரு பயணத்தின் முடிவில் வந்து ஒட்டிக்கொண்டது.

கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் இதற்கு ஒரு பெயர் வைத்தார். 1903-ல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பில் பள்ளிப் பருவ நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார். வகுப்புப் பிள்ளைகள் அழகான முகவரி அட்டைகள் வாங்கி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டபோது, புதிதாக வந்த ஒரு பெண் அவருடைய அட்டையை ஒரே பார்வையில் மறுத்துவிட்டாள். அதிலிருந்து, தன்னைத் தன் கண்ணால் மட்டும் பார்க்க முடியாமல், தன்னை இகழ்ச்சியோடும் இரக்கத்தோடும் பார்க்கும் உலகத்தின் கண்ணாலும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது. இந்த நிலைக்கு இரட்டைத் தன்னுணர்வு என்று பெயர். தாழ்வு மனப்பான்மை என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. டு போய்ஸ் தன்னைத் தாழ்வாக நினைக்கவே இல்லை. கடைக்குள் நுழையும்போது, தெருவில் நடக்கும்போது, ஒரு வரி எழுதும்போது, இரண்டு பார்வைகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய கட்டாயத்தைப் பற்றித்தான் அவர் பேசுகிறார்.

கோட்டைத் தாண்டுகிறவர்கள்

கோடு கிழித்தால் தாண்டுகிறவர்களும் இருப்பார்கள். சட்டப்படி கறுப்பர், ஆனால் பார்க்க வெள்ளையர் போல் இருப்பவர், வெள்ளையராகவே வாழத் தொடங்குவதற்குப் 'பாசிங்' என்று பெயர். தேர்வில் பாஸ் ஆவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அப்படியே கடந்துபோவது என்ற பொருள். நல்ல வேலை, நல்ல வீடு, உயிருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். பதிலுக்கு அம்மாவை, தம்பி தங்கைகளை, பிறந்த தெருவை விட்டுவிட வேண்டும். ஜான்சனின் கதைசொல்லி அந்தப் பக்கம் போக முடிவெடுப்பது, தெற்கே ஒரு கறுப்பரைக் கூட்டம் உயிரோடு எரிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான்.

இந்த விஷயத்தில் மிகக் கூர்மையான புத்தகம் நெல்லா லார்சன் 1929-ல் எழுதிய 'பாசிங்'. சிகாகோவில் கடும் வெயில். ஐரீன் என்ற கறுப்பினப் பெண் மயக்கம் வராத குறையாக ஒரு பெரிய ஹோட்டலின் மொட்டை மாடி உணவகத்துக்கு வந்து ஐஸ் போட்ட டீ குடிக்கிறாள். வெள்ளையருக்கான இடம் அது. பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று ஐரீனுக்குக் கோபமும் பயமும். பிறகு தன்னையே தேற்றிக்கொள்கிறாள்: நகத்தை வைத்து, உள்ளங்கையை வைத்து, காதின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம் என்று வெள்ளையர் சொல்லிக்கொள்வதெல்லாம் முட்டாள்தனம். தன்னை இத்தாலிக்காரி, ஸ்பெயின்காரி, மெக்சிகோக்காரி என்றெல்லாம் நினைத்திருக்கிறார்களே தவிர, தனியாக இருக்கும்போது கறுப்பினம் என்று ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. உற்றுப் பார்த்த பெண் கிளேர். ஐரீனின் பால்யத் தோழி, அவளும் கறுப்பினம், அவளும் கோட்டைத் தாண்டி வந்தவள்தான். மாடியில் இருந்த வெள்ளையர் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

பின்னால் ஒரு மாலை, கிளேர் தங்கியிருந்த இடத்தில் தேநீர். அவள் கணவன் பெல்யூ உள்ளே வந்து, கறுப்பர்களைக் குறிக்கும் இழிசொல்லின் சுருக்கத்தால் மனைவியைச் செல்லமாகக் கூப்பிடுகிறான். கல்யாணமானபோது அல்லிப்பூ மாதிரி வெள்ளையாக இருந்தாள், வரவர நிறம் மங்குகிறது, ஒருநாள் கறுப்பியாகவே எழுந்திருப்பாள் என்று வேடிக்கையாக விளக்கமும் சொல்கிறான். தன் குடும்பத்தில் அந்த ரத்தம் இருந்ததில்லை, இருக்கவும் போவதில்லை என்கிறான். அவன் எதிரே உட்கார்ந்திருக்கிற மூன்று பெண்களும் கறுப்பினத்தவர். மூவரும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது.

கவனித்தால், கோட்டைத் தாண்டும் கதைகளில் உண்மையில் அம்பலமாவது தாண்டுகிறவர் இல்லை. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற மொத்தச் சமூகத்தின் நம்பிக்கைதான் அங்கே சரிந்து விழுகிறது.

எழுதியது நீதான் என்பதற்கு அத்தாட்சி

எழுதப்பட்டது பற்றிப் பேசினோம். எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் இதே கதையின் பகுதி. 1761-ல் ஏழெட்டு வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமிக்கு, வந்த கப்பலின் பெயரையும் வாங்கிய குடும்பத்தின் பெயரையும் சேர்த்து ஃபிலிஸ் வீட்லி என்று பெயர் வைத்தார்கள். அவர் கவிதை எழுதினார். 1773-ல் லண்டனில் நூல் வெளிவந்தபோது, இதை எழுதியது இந்தப் பெண்தான் என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் உட்பட பாஸ்டனின் 18 பிரமுகர்கள் கையெழுத்திட்ட அத்தாட்சி அதில் சேர்க்கப்பட்டது.

அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய நூல்களை அடிமைத் தன்வரலாறு என்பார்கள். அவற்றில் மிகப் புகழ்பெற்றது ஃபிரெட்ரிக் டக்ளஸ் 1845-ல் எழுதியது. தலைப்புப் பக்கத்திலேயே 'அவரே எழுதியது' என்று அச்சிட்டிருக்கும், முன்னுரை எழுதியவர் ஒரு வெள்ளையர். அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் பேசப் போனபோது, நீ நடந்ததை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று உடனிருந்த வெள்ளைத் தோழர்களே சொன்னதாக அவர் பின்னால் எழுதினார். அவர் பேச்சு ரொம்பத் திருத்தமாக இருப்பதால் மக்கள் நம்பமாட்டார்கள், தோட்டத்துக் கொச்சை கொஞ்சம் இருக்கட்டும் என்றும் அறிவுரை. கறுப்பர் எழுதினால் அதில் வலி மட்டும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அன்றே தொடங்கிவிட்டது. "வலியைச் சொல்லும் நாவல்" என்ற நம் பின்னட்டை வாசகத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த எதிர்பார்ப்பு கறுப்பின எழுத்தாளர்களுக்கு உள்ளேயும் சண்டையை மூட்டியது. 1937-ல் ஹர்ஸ்டனின் நாவல் வந்தபோது, வெள்ளையர் ரசிக்கும்படி கறுப்பர்களைக் காட்டுகிறது, அரசியலே இல்லை என்று ரிச்சர்ட் ரைட் கடுமையாக எழுதினார். மூன்றே ஆண்டில் ரைட்டின் 'நேட்டிவ் சன்' வந்து பெரும் புகழ் பெற்றது. ஜேம்ஸ் பால்ட்வின் 1949 தொடங்கி, இப்படிப்பட்ட எதிர்ப்பு நாவல்கள் மனிதரை அவருடைய இனத்துக்குள்ளேயே பூட்டிவிடுகின்றன என்று விமர்சித்தார். என் மனம் ஹர்ஸ்டன் பக்கம். ஒரு மக்களின் சிரிப்பையும் காதலையும் வீம்பையும் எழுதுவதும் அரசியல்தான். எப்படியானாலும், 'கறுப்பினக் குரல்' என்று ஒருமையில் பேசுவது எவ்வளவு தப்பு என்பதற்கு இந்த மூவரின் சண்டையே போதும்.

யாரும் சொல்லாத நிறம்

இனம் என்றதும் நாம் கறுப்பின எழுத்தாளர்களிடம்தான் போகிறோம். வெள்ளை எழுத்தாளர்களின் புத்தகங்களில் இனம் இல்லையா? கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் 1992-ல் ஒரு சிறிய விமர்சன நூலில் இந்தக் கேள்வியை எழுப்பினார். ஹெமிங்வேயின் ஒரு நாவலில் மீன்பிடிப் படகில் இருப்பவர்களில் ஒருவரைக் கறுப்பர் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எடி என்ற இன்னொருவர் வெள்ளையர். எடி வெள்ளையர் என்று நமக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை என்பதால்தான் என்கிறார் மாரிசன்.

இவ்வளவு சின்னக் கவனிப்பு, ஆனால் படித்த பிறகு எந்த அமெரிக்க நாவலையும் பழைய மாதிரி படிக்க முடியாது. நிறம் சொல்லப்படாவிட்டால் வெள்ளை என்பது எழுதப்படாத விதி. வெள்ளையும் ஓர் இனம்தான், ஆனால் 'வெறும் மனிதர்' என்ற இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. அந்த இடம் ஒரு குழந்தைக்கு என்ன செய்யும் என்பதை மாரிசன் தன் முதல் நாவலில், 1970-ல், எழுதியிருந்தார். ஒஹையோ மாநிலத்தின் லோரெய்ன் ஊரில், பெக்கோலா என்ற கறுப்பினச் சிறுமி தனக்கு நீலக் கண் வேண்டும் என்று ராத்திரிதோறும் பிரார்த்திக்கிறாள். திரைப்படச் சிறுமி ஷெர்லி டெம்பிளின் முகம் போட்ட கோப்பையை எடுத்து எடுத்துப் பால் குடிக்கிறாள். அவளை நேரடியாகத் திட்டித் துன்புறுத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அழகு என்றால் எது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கோப்பைதான்.

மறுபடி சுருக்கம்: இன அடையாளம் வெளியிலிருந்து வந்து உள்ளே குடியேறுகிறது. சிலர் அதைச் சுமக்கிறார்கள், சிலர் தாண்டுகிறார்கள், சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ முடிகிறது. கடைசியாகச் சொன்ன வசதிதான் வெள்ளையாக இருப்பதன் பெரிய சலுகை.

நம் ஊர்ச் சாதியோடு ஒப்பிடலாமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஒப்பிடலாம். அவர்களே ஒப்பிட்டிருக்கிறார்கள். அம்பேத்கர் 1946-ல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டு போய்ஸும் பதில் எழுதினார். பிறப்பால் வருவது, கலப்பு மணத்தைக் குற்றமாக்குவது, உழைப்பை ஒரு கூட்டத்தின் தலையில் கட்டுவது எல்லாம் பொது. வர்ஜீனியாவின் கலப்பு மணத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது 1967-ல்தான். வேறுபாடும் உண்டு. அமெரிக்க இனமுறை கண்ணை நம்புகிறது, பார்த்தாலே தெரியும் என்று அடம் பிடிக்கிறது. அதனால்தான் அங்கே கண் ஏமாறுவது இவ்வளவு பெரிய நாடகமாகிறது. இங்கே பார்ப்பதோடு விடுவதில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று விசாரணை நீளும். ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டையும் கையில் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும்.

வாசகரின் பங்கு

டோனி மாரிசன் 1983-ல் 'ரெசிட்டாடிஃப்' என்று ஒரு சிறுகதை எழுதினார். ட்வைலா, ராபர்ட்டா என்ற இரண்டு சிறுமிகள், எட்டு வயது, ஒரு காப்பகத்தில் ஒரே அறை. ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெள்ளை. யார் எது என்று கதை கடைசி வரை சொல்லாது. சொல்ல மறந்துபோகவில்லை, இனத்தைக் காட்டும் உறுதியான குறிகள் அத்தனையையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டு எழுதியது.

ட்வைலாவின் அம்மா பச்சைக் கால்சட்டையும் ரோமக் கோட்டும் போட்டுக்கொண்டு வருகிறாள். ராபர்ட்டாவின் அம்மா பெரிய சிலுவையும் பெரிய பைபிளுமாக வந்து, நீட்டிய கையைக் குலுக்க மறுத்துப் போய்விடுகிறாள். வளர்ந்த பிறகு ட்வைலா ஓர் உணவகத்தில் பரிமாறுகிறாள், ராபர்ட்டா ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் பார்க்கப் போகிறாள். பின்னால் ராபர்ட்டா பணக்காரி, ட்வைலாவின் கணவன் தீயணைப்பு வீரன். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைப்பது பற்றிய போராட்டத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே பலகை பிடித்து நிற்கிறார்கள். ஒவ்வொரு விவரத்திலும், ஆ, இவள்தான் கறுப்பு என்று தோன்றும். அடுத்த பக்கத்தில் அது கலையும். உணவு, உடை, பக்தி, பணம், கணவனின் வேலை என்று எதை எதையெல்லாம் நாம் இனத்தின் குறியாக மனதில் சேமித்து வைத்திருக்கிறோம் என்பது, கதையைவிட நம்மைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. சட்டம் ரத்தானாலும் கல் ஏன் அப்படியே நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

படிக்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு: டக்ளஸ், ட்வெய்ன், ஜான்சன், லார்சன் நால்வரின் இந்த நூல்களும் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் தாண்டியவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதலில் ஜான்சனை எடுக்கலாம், மொழி எளிமை. அடுத்து லார்சன், நூலும் சின்னது. ட்வெய்னில் அடிமைகள் பேசும் வட்டார ஆங்கிலம் முதலில் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். 'ரெசிட்டாடிஃப்' 2022-ல் தனிப் புத்தகமாக வந்திருக்கிறது. அதைக் கையில் பென்சிலோடு படியுங்கள். இவள் கறுப்பு, இவள் வெள்ளை என்று தோன்றுகிற ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, எதை வைத்து அப்படித் தோன்றியது என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள்.